பூனைக்குப் பிடித்த மண்

வீட்டுப் பூனை தன் கழிவுத் தட்டை விட்டுவிட்டு சோபாவுக்குப் பின்னால் சிறுநீர் கழித்தால், கொழுப்பு என்று திட்டுகிறோம். பல நேரம் கோளாறு தட்டில் கொட்டிய மண்ணில் இருக்கிறது. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. குழி தோண்டிக் கழித்து மூடுவது அதன் வழியாக வந்த பழக்கம். அதனால் பெரும்பாலான பூனைகள் பாதத்தில் உறுத்தாத, பொடியான, வாசனை சேர்க்காத மண்ணையே விரும்புகின்றன. பென்டோனைட் களிமண் இதற்குத் தோதானது. ஈரம் பட்டதும் உப்பிக் கட்டியாகும். அந்தக் கட்டியை மட்டும் அள்ளி எறியலாம்.

சும்மா கிடைக்கிற மணல் போதாதா என்று கேட்கலாம். மணல் ஈரத்தை உறிஞ்சாது. சிறுநீர் அடியில் தேங்கி நாறும். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட்வர்ட் லோ என்பவர் விற்கத் தொடங்கிய களிமண் குருணை பரவியதற்கு அதன் உறிஞ்சும் தன்மையே காரணம். லாவெண்டர் வாசனை கலந்தது நல்லதில்லையா என்றால், அந்த வாசனை நமக்குத்தான். நம்மைவிடக் கூர்மையான மூக்குள்ள பூனைக்கு அது நெடி. தினமும் அள்ளினால் நாற்றத்துக்கே இடமில்லை. ஆனால் எதையும் வாயில் வைக்கும் சின்னக் குட்டிகளுக்குக் கட்டியாகும் மண் ஆகாது. காகித உருண்டை போதும். கட்டியைக் கழிப்பறையில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். மண்ணை மாற்றிய பிறகும் பூனை தட்டை ஒதுக்கினால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.