சிம்மாசனம் இழந்த வம்சம்

கி.மு. 597-ஆம் ஆண்டில், பட்டமேறி மூன்று மாதமே ஆகியிருந்த 18 வயது யூதா தேசத்து அரசன் ஒருவன், தன் தாயோடும் பிரதானிகளோடும் எருசலேமை விட்டு வெளியே வந்து, நகரத்தை முற்றுகையிட்டிருந்த பாபிலோனியச் சக்கரவர்த்தி நேபுகாத்நேச்சாரிடம் சரணடைந்தான். யோயாக்கீன் என்றும் எகோனியா என்றும் வேதாகமத்தில் இரு பெயரால் வழங்கும் இவ்விளைஞன் அரசியல் சரித்திரத்தில் மிகச் சிறியவனே. ஆயினும் மேசியாவின் வம்சாவளியைப் பற்றிப் பேசப் புகுவோர் எவரும் இவனை விலக்கி அப்பால் செல்ல இயலாது.

தாவீது அரசன் கடவுளுக்கு ஓர் ஆலயம் எடுக்க விரும்பியபோது, ஆலயத்தை அவன் மகனே கட்டுவான் என்றும், தாவீதின் வம்சத்தையோ கடவுள் தாமே நிலைநிறுத்துவார், அவன் சிம்மாசனம் என்றென்றும் நிற்கும் என்றும் நாத்தான் தீர்க்கதரிசி வாக்குரைத்ததாகச் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் கூறுகிறது. வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்தில் ஒரு குடும்பத்தைக் கொன்று மற்றொரு குடும்பம் அரசேறுவது வழக்கமாகிவிட்டிருக்க, தெற்கே யூதாவிலோ, அத்தாலியாள் என்னும் அரசி இடையிட்ட ஆறு ஆண்டுகள் நீங்கலாக, தாவீதின் வழியினரே 400 ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டு வந்தார்கள். 1993-இல் வட இஸ்ரேலின் தேல் தாண் என்னுமிடத்தில் அகப்பட்ட கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டொன்றில், பகையரசன் ஒருவன் யூதாவின் அரச குலத்தைத் தாவீதின் வீடு என்றே குறிப்பதாகப் பெரும்பாலான அறிஞர்கள் வாசிக்கின்றனர். அவ்வளவு உறுதியாய் வேரூன்றிய குலத்தில், அபிஷேகம் பெற்ற அரசன் ஒருவன் தோன்றி எல்லாவற்றையும் சீர்செய்வான் என்னும் நம்பிக்கையே மேசியாவைப் பற்றிய எதிர்பார்ப்பாக வளர்ந்தது.

அந்த வாக்குத்தத்தத்தின் குறுக்கே எரேமியாவின் கடுமொழி வந்து விழுகிறது. எகோனியா தம் வலக்கையின் முத்திரை மோதிரமாகவே இருந்தாலும் அவனைக் கழற்றி எறிவேன் என்று கடவுள் உரைப்பதாகவும், அவன் சந்தானமற்றவனாக எழுதப்படுவான், அவன் வித்தில் எவனும் தாவீதின் சிம்மாசனத்தில் வீற்றிருக்கமாட்டான் என்றும் அத்தீர்க்கதரிசி அறிவித்தார். ஆனால் பாபிலோனில் சிறைப்பட்ட அரசனுக்குப் பிள்ளைகள் பிறக்கத்தான் செய்தார்கள். பாபிலோனின் இடிபாடுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்டு 1939-இல் வெளியிடப்பட்ட களிமண் ஓடுகள், யூதாவின் அரசனுக்கும் அவன் புதல்வர் ஐவருக்கும் அரண்மனைப் பண்டசாலையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கை இன்றும் காட்டுகின்றன; வேதத்தின் ஒரு வரிக்கு இத்தனை நேரான புறச்சான்று கிடைப்பது அபூர்வம். அவனுடைய பேரன் செருபாபேல் பாரசீகரின் ஆட்சியில் யூதாவின் அதிபதியாக எருசலேம் திரும்பினான், கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி அவனைப் பார்த்துச் சொன்னதும் அதே முத்திரை மோதிரத்தைப் பற்றித்தான், ஆனால் இம்முறை கடவுள் அணிந்துகொள்ளும் மோதிரமாக. எனினும் செருபாபேல் அரசனாகவில்லை. பிற்காலத்தில் யூதேயாவை ஆண்ட அஸ்மோனியர் ஆசாரியக் குலத்தார், அவர்களுக்குப் பின் ஆண்ட ஏரோதோ ஏதோமியன்; எவரும் தாவீதின் வழியினர் அல்லர்.

இந்தப் பின்னணியோடு மத்தேயுவின் முதல் அதிகாரத்தைத் திறப்பவர்க்கு, வாயில் நுழையாத பெயர்களின் அடுக்கு ஒரு வழக்கு மனுவைப் போலத் தோற்றும். ஆபிரகாம் முதல் தாவீது வரை 14, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை 14, அதன்பின் கிறிஸ்து வரை 14 தலைமுறைகள் என்று கணக்கிடும் அவ்வாசிரியர், அந்த ஒழுங்கைக் காக்கும் பொருட்டு அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மூன்று அரசர்களை ஓசையின்றி விட்டுவிடுகிறார். பிழையென்று இதைக் கருதுவதற்கில்லை. தலைமுறைகளைச் சுருக்கி எழுதுவது அக்காலத்து மரபு. சாபமேற்ற எகோனியாவை மறைக்காமல் நடுவில் நிறுத்தியிருப்பதுதான் வியப்புக்குரியது. அவ்வாறே, தாய்மாரைக் குறிக்க வேண்டிய கட்டாயமில்லாத பட்டியலில் தாமார், ராகாப், மோவாபியப் பெண்ணாகிய ரூத், உரியாவின் மனைவி என்று நால்வரைச் சேர்த்திருப்பதும், குலப்பெருமை பேச வந்தவன் செய்யக்கூடியதன்று.

லூக்காவின் பட்டியலோ முற்றிலும் வேறு வழியில் செல்கிறது. மத்தேயு சாலொமோன் வழியாக அரசர்களின் வரிசையில் இறங்க, லூக்கா தாவீதின் மற்றொரு மகனும் அரியணை ஏறாதவனுமாகிய நாத்தான் வழியாக ஆதாம் வரை ஏறுகிறார். சலாத்தியேலிடமும் அவன் மகன் செருபாபேலிடமும் இரு கிளைகளும் ஒருமுறை கூடி மறுபடி பிரிகின்றன. மரியாளின் கணவன் யோசேப்பின் தந்தை மத்தேயுவுக்கு யாக்கோபு, லூக்காவுக்கு ஏலி. மூன்றாம் நூற்றாண்டில் ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்னும் கிறிஸ்தவ அறிஞர் இதற்குச் சமாதானம் கூற முயன்றார்: ஏலி பிள்ளையின்றி இறக்க, ஒரே தாய் வயிற்றுச் சகோதரனாகிய யாக்கோபு மோசேயின் நியாயப்பிரமாணப்படி அவன் மனைவியை மணந்து யோசேப்பைப் பெற்றான், ஆகவே ஒருவன் பெற்ற தந்தை, மற்றவன் சட்டப்படியான தந்தை. லூக்கா கூறுவது மரியாளின் வம்சமே என்பது பிற்காலத்தார் பலர் ஏற்ற கருத்து. மூலத்தில் யோசேப்பின் பெயரே நிற்பதால், முன்னதே நேர்மையான முயற்சி என்பது என் அபிப்பிராயம். எவ்வாறாயினும், இயேசு யோசேப்பின் இரத்தத்தில் பிறந்தவர் என்று இரு சுவிசேஷகரும் சொல்லவில்லை. அவர் மரியாளின் கணவனுடைய குலத்தில் சட்டப்படி சேர்க்கப்பட்டவர் என்பதே அவர்கள் காட்டும் உரிமை.

இந்த உரிமையை ரோமாபுரியும் விளையாட்டாக எண்ணவில்லை. கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட சக்கரவர்த்தி டொமிஷியன், தாவீதின் வழித்தோன்றல்களைப் பற்றி அஞ்சி, இயேசுவின் சகோதரன் யூதாவின் பேரர் இருவரைத் தன் முன் அழைத்து விசாரித்த செய்தியை ஹெகசிப்பஸ் என்னும் ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியிருந்தார். யூசேபியஸின் திருச்சபை வரலாறு அதைக் காத்துத் தந்திருக்கிறது. தங்களுக்கு உள்ளதெல்லாம் 9,000 தினார் மதிப்புள்ள 39 பிளெத்திரம் என்னும் அளவுள்ள நிலமே என்றும், அதைத் தாங்களே உழுது வரி செலுத்துவதாகவும் கூறித் தங்கள் காய்த்துப்போன கைகளை அவர்கள் காட்டினார்கள். சக்கரவர்த்தி அவர்களை அற்பரென்று கருதி விடுவித்தான். ஊர் திரும்பிய அவ்விருவரும் சபைகளின் தலைவர்களாகி, டிராஜன் சக்கரவர்த்தியின் காலம் வரை வாழ்ந்திருந்தனர்.