மயக்கம் தெளியும் அரைமணி நேரம்

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் மேலூர் அரசு மருத்துவமனைக்கோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, நகரத்தில் ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனைக்கோ போகிறார்கள். மனைவி, மகன், மச்சான், பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு கூட்டமே உடன் கிளம்பும். தியேட்டர் கதவு திறந்து, "நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அத்தனை பேருக்கும் மூச்சு வரும். ஆனால், அதற்கு அடுத்த அரைமணி நேரத்தில் என்ன நடக்கலாம் என்பதை அவர்களிடம் பெரும்பாலும் யாரும் சொல்லியிருப்பதில்லை. அதிர்ந்து பேசாத பெரியவர் சத்தமாகப் பாடுகிறார். கண்டிப்புக்குப் பேர்போன அம்மா செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார். சின்னப் பிள்ளை, பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் உதைத்துத் தள்ளுகிறது. பார்ப்பவர்களில் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் செல்போனை எடுக்கிறார்கள், சிலர் பயந்துபோய் வேப்பிலை தேடுகிறார்கள். கேட்ட ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் நோயாளிக்கு உதவாது. அந்த நேரத்தில் நோயாளி பிறரைப் பற்றியும் தன் மனதைப் பற்றியும் பேசுவதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் உடலைப் பற்றிச் சொல்வதையோ, ஒன்று விடாமல் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வேறுபாடு தெரிந்திருந்தாலே உறவினர்கள் நோயாளிக்குப் பெரிய துணையாக இருக்க முடியும்.

மூளை ஒரே நொடியில் விழிப்பதில்லை

முழு மயக்கம் என்பது ஆழ்ந்த தூக்கம் என்று பலரும் நினைக்கிறோம். தூங்குகிறவரைத் தட்டினால் எழுந்துவிடுவார். மயக்கத்தில் இருப்பவரைக் கத்தியால் அறுத்தாலும் அசையமாட்டார். நரம்பு வழியாகச் செலுத்தும் பால் நிற புரோபோஃபாலும், மூச்சு வழியாகக் கொடுக்கும் செவோஃப்ளுரேனும் மூளையின் இயல்பான அடக்கும் சமிக்ஞைகளைப் பலப்படுத்தி, அதன் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைத் தடுக்கின்றன. மருந்து குறையும்போது இந்தத் தொடர்பு எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் திரும்புவதில்லை. மூச்சு, இருமல் போன்றவை முன்னதாக வந்துவிடும். கண் திறக்கும், கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார். எங்கே இருக்கிறோம், இது எந்த நாள், எதிரே நிற்பது யார் என்பதெல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு தெளிவாக அமைய மேலும் நேரமாகும். பேச்சு வந்துவிட்டது, நிதானம் இன்னும் முழுதாக வரவில்லை என்ற அந்த இடைவெளியில்தான் பாட்டும் அழுகையும் பிடிவாதமும் வெளிப்படுகின்றன.

அறுவை சிகிச்சைக்கு முன் பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் மிடசோலம் போன்ற மருந்துகள், புதிய நினைவுகள் பதியாதபடி செய்யக்கூடியவை. "ஆபரேஷன் முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார், "முடிஞ்சிருச்சுப்பா" என்று மகன் சொல்வான், இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வி அதே குரலில் வரும். அவர் கவனிக்காமல் இல்லை, சொன்ன பதில் பதியவில்லை. கீட்டமின் என்ற மருந்து வேறு வகை. வலியை நன்றாக அடக்கும், ஆனால் விழிக்கும்போது மிதப்பது போலவும் விநோதக் காட்சிகள் போலவும் சிலருக்குத் தோன்ற வைக்கும். ஆகவே ஒருவர் எப்படி விழிக்கிறார் என்பதில் மருந்துக்கும், வயதுக்கும், அறுவை சிகிச்சையின் வகைக்கும், வலிக்கும் பங்கு இருக்கிறது. இது அரிதானதும் இல்லை. அமெரிக்காவில் 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 1961-இல் வெளியான ஆய்வில் சுமார் 5 சதவீதம் பேருக்கு விழிக்கும்போது கட்டுக்கடங்காத பரபரப்பு காணப்பட்டது. குழந்தைகளிடம் அது இன்னும் அதிகம். லேசான அழுகை, உளறல், சிரிப்பு எல்லாம் இந்தக் கணக்கில் சேராதவை.

மருந்து உண்மையைப் பேச வைக்குமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். மனதில் இல்லாதது வாயில் எப்படி வரும்? அடக்கி வைத்திருந்ததைத்தானே மருந்து வெளியே கொண்டுவந்தது? கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் குடும்பங்களில் அதிகம் காயம் உண்டாக்குகிறது. மனைவியை வேறொரு பெயரால் அழைத்தவர் முதல், "எனக்கு யாருமே இல்ல" என்று அழுத தாய் வரை, மயக்கத்தில் சொன்னதெல்லாம் உள்ளத்தின் வாக்குமூலம் என்று எண்ணிவிடுகிறோம். இதற்கான பதில் நம் நாட்டு நீதிமன்றத்திலேயே இருக்கிறது. அறுவை சிகிச்சைக்காக மயக்கம் கொடுக்கப் பல்லாண்டுகள் பயன்பட்ட சோடியம் பென்டதால்தான், குற்றவாளிகளிடம் 'உண்மை வாங்கும் மருந்து' என்று பெயர் பெற்றது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமின்றி அந்த மருந்தைச் செலுத்தி விசாரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. மருந்தின் பிடியில் இருந்தபடியே பொய் சொல்லும் திறன் சிலருக்கு இருக்கிறது, வேறு சிலரோ கேள்வி கேட்பவர் இழுத்த பக்கமெல்லாம் சாய்ந்துவிடுகிறார்கள் என்பதையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. நீதிமன்றமே நம்பத் தயங்கிய பேச்சை, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் நாம் சாட்சியமாக ஏற்பது எந்த வகையில் சரி?

மருத்துவ உலகிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த 17 வயது இளைஞர் ஒருவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 2022-இல் வெளியானது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து விழித்தவர், தன் தாய்மொழியை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டுமே பேசினார். தான் அமெரிக்காவில் இருப்பதாகச் சாதித்தார். பெற்றோரை அடையாளம் காணவில்லை. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் எல்லாம் இயல்புக்குத் திரும்பியது. அவர் பெற்றோரை மறுத்தார் என்றோ, அமெரிக்கா போகும் ஆசையை ஒளித்து வைத்திருந்தார் என்றோ யாரும் பொருள் சொல்லவில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பது நம் ஊர்ப் பழமொழி. குடித்தவன் தானாக விரும்பிக் குடித்தவன்; அவனுக்கே அந்தச் சலுகையைக் கொடுக்கும் நாம், நோய்க்காகப் படுத்திருப்பவருக்கு அதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும்.

பேயும் இல்லை, மூளைக் கோளாறும் இல்லை

அறிமுகமில்லாத குரலில் கத்துவதையும், கண்ணைத் திறந்துகொண்டே யாரையும் பார்க்காமல் இருப்பதையும் கண்டால், காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று பயப்படுவது நம் பக்கத்தில் இயல்பு. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்ந்துகொள்வதாலும் நெற்றியில் திருநீறு பூசுவதாலும் நோயாளிக்குக் கெடுதல் இல்லை. உறவினர் மனதுக்குத் தைரியமும் கிடைக்கும். ஆனால் அந்தத் திருநீற்றை வாயில் போடுவதும், "தொண்டை காஞ்சு கெடக்குது" என்று ஒரு வாய் காப்பியோ தண்ணீரோ ஊற்றுவதும் ஆபத்து. விழுங்கும் திறன் முழுதாகத் திரும்பாத நிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். செவிலியர் சொல்லும் வரை வாயில் எதையும் கொடுக்கக் கூடாது.

பேய்ப் பயம் இல்லாதவர்களுக்கு வேறொரு பயம் உண்டு: மயக்க ஊசியால் மூளை பாதிக்கப்பட்டுவிட்டதோ, பிள்ளையின் படிப்பு கெட்டுவிடுமோ என்று. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 30 தன்னார்வலர்கள் அறுவை சிகிச்சை எதுவும் இல்லாமல் மூன்று மணி நேரம் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டார்கள். கவனம், நினைவு, முடிவெடுத்தல் ஆகியவை ஒரே சமயத்தில் அல்லாமல் படிப்படியாகத் திரும்பின. விழித்து மூன்று மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக முழு மயக்கம் பெற்ற பச்சைக் குழந்தைகளை ஐந்து வயதுவரை தொடர்ந்த பன்னாட்டு ஆய்வு 2019-இல் வெளியானது. அறிவுத்திறனில் குறை எதுவும் காணப்படவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேரமோ பலமுறையோ மயக்கம் கொடுப்பது பற்றி 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததும் உண்மைதான். அது மருத்துவரோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போட அது காரணமாகாது.

எதையெல்லாம் நம்பியே ஆக வேண்டும்

எல்லாமே மருந்தின் வேலை என்றால், நோயாளி சொல்லும் எதையும் பொருட்படுத்த வேண்டாமா? இதுதான் இரண்டாவது மறுப்பு, முதலாவதைவிடக் கனமானது. ரெக்கவரி அறையை அருகில் பார்த்தால் விடை தெரியும். கைப்பிடி உயர்த்திய ட்ராலி, மூக்கில் ஆக்ஸிஜன், விரலில் கிளிப், புறங்கையில் ஊசி, சிறுநீர்க் குழாய். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் திமிறி எழுந்து, "ஒண்ணுக்கு வருது, எந்திரிக்கணும், விடுங்க" என்று குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். அவர் பைத்தியக்காரத்தனம் எதுவும் செய்யவில்லை. அந்தக் குழாய், குறிப்பாக ஆண்களுக்கு, சிறுநீர் முட்டும் உணர்வை இடைவிடாமல் உண்டாக்கும். உணர்வு உண்மை, அதை விளக்கிச் சொல்லும் தெளிவுதான் இல்லை. வலி, மூச்சுத் திணறல், ஆக்ஸிஜன் குறைவு, சர்க்கரை இறங்குவது என எல்லாமே வெளியே பார்ப்பவருக்குப் பரபரப்பாகத்தான் தெரியும். அதனால்தான் நல்ல செவிலியர் முதலில் விரல் கிளிப்பின் எண்ணைப் பார்க்கிறார், அப்புறம்தான் கையைப் பிடிக்கிறார். 1970-இல் ஆல்ட்ரீட் என்ற மருத்துவர் வகுத்த மதிப்பெண் முறை இன்றும் பயன்படுகிறது. கைகால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், உணர்வு, ஆக்ஸிஜன் ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டாகப் பத்து மதிப்பெண். குறைந்தது ஒன்பது வந்தால்தான் வார்டுக்கு அனுப்புவது வழக்கம்.

"அறுக்கும்போது பேசுனதெல்லாம் காதுல விழுந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் அதையும் உளறல் என்று தள்ளக் கூடாது. முழு மயக்கத்தின் நடுவே உணர்வு திரும்புவது சுமார் 19,000 பேரில் ஒருவருக்கு நேர்வதாகப் பிரிட்டனில் 2014-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. உடனே மயக்க டாக்டரிடம் சொல்ல வேண்டும். தன்னை யாரோ தவறாகத் தொட்டதாகப் பெண்ணொருவர் சொன்னாலும் அப்படித்தான். சில மருந்துகள் பொய்யான அனுபவங்களைத் தோற்றுவிக்கும் என்பது தெரிந்ததே. அதைச் சொல்லி வாயை அடைக்காமல், எழுதி வைத்து விசாரிக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் பெண் நோயாளியோடு எப்போதும் இன்னொரு பெண் ஊழியர் இருப்பதே இருதரப்புக்கும் பாதுகாப்பு.

முதியவர்களின் நிலை தனி. முதல் அரைமணி நேரம் தெளிவாக இருந்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துக் குழம்புவது வேறு நோய். அது மயக்க மருந்தின் மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது. கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள்; சுருண்டு படுத்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கிடப்பவரை, "அசந்து தூங்குறாரு" என்று விட்டுவிடுவோம். இரண்டும் ஒரே குழப்பத்தின் இரு வடிவங்கள். மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் ஆகியவற்றைச் சீக்கிரம் திருப்பிக் கொடுப்பதும், பகல் வெளிச்சமும், பழகிய குரலும் பெரிய மருந்து. தினமும் குடிப்பவர் விபத்தில் சிக்கி அறுவை சிகிச்சைக்கு வந்தால், இரண்டு மூன்று நாளில் குடி நின்றதாலேயே நடுக்கமும் பிதற்றலும் உயிராபத்தும் வரலாம். இப்படிப்பட்டவரின் குடும்பத்தார், மானம் பார்க்காமல் அந்தப் பழக்கத்தை மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செல்போனைக் கீழே வையுங்கள்

பல் மருத்துவரிடமிருந்து திரும்பிய 7 வயது அமெரிக்கச் சிறுவன் காரில் உளறியதை அவன் தந்தை 2009-இல் இணையத்தில் ஏற்றினார், கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதிலிருந்து இப்படிப் படம் பிடித்துப் பரப்புவது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. சிரிப்பதில் என்ன குற்றம், தெளிந்ததும் நோயாளியே சேர்ந்து சிரிக்கிறாரே என்று கேட்கலாம். சிரிப்பில் குற்றமில்லை. சம்மதம் கேட்க முடியாத நிலையில் எடுத்த படம் என்பதே குற்றம். அந்த நேரம் நோயாளிக்கு நினைவிலேயே இருக்காது. குடும்பக் குழுவில் முந்நூறு பேர் பார்த்துவிட்ட தன்னை, அவர் மட்டும் கடைசியாகப் பார்ப்பார். அதன் பின் அவர் சிரித்தால், அது விருப்பமா, வேறு வழியில்லாத சமாளிப்பா என்று யாருக்குத் தெரியும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் பொருந்தும். படம் வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அவரிடமே கேட்டுவிடலாம்.

உறவினர் செய்ய வேண்டியது

பிள்ளைகளைப் பொறுத்தவரை தயாரிப்பு முதல் நாளே தொடங்குகிறது. பதற்றத்தோடு மயக்கத்துக்குள் போகும் குழந்தை பதற்றத்தோடு விழிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. "ஊசியெல்லாம் போட மாட்டாங்க" என்று பொய் சொல்லி அழைத்துப் போவதைவிட, நடக்கப்போவதை அதன் மொழியில் சொல்லிவிடுவது நல்லது. விழித்ததும் அது உதைத்தாலும் அடையாளம் தெரியாமல் அலறினாலும், அடிபடாமல் காத்து, விளக்கைக் குறைத்து, ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் போதும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தணிந்துவிடும். நான்கு பேர் சூழ்ந்துகொண்டு, "அம்மாவ தெரியலையா?" என்று சோதிப்பது குழப்பத்தைக் கூட்டும். பெரியவர்களுக்கும் இதே வழிதான்: பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரியில இருக்கீங்க, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, நான் பக்கத்துல இருக்கேன்" என்று எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்ல வேண்டும். வாதாடவோ கண்டிக்கவோ தேவையில்லை.

தெளிந்துவிட்டார் என்று தோன்றிய பிறகும் 24 மணி நேரம் கவனம் தேவை. அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் பைக் ஓட்டக் கூடாது, மது தொடக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. அந்த ஒரு நாளில் அவர் கொடுக்கும் வாக்கை யாரும் வாங்கவும் கூடாது. இதையெல்லாம் உறவினர்கள் தாங்களாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே, "விழிக்கும்போது அழலாம், உளறலாம், திமிறலாம்; பயப்படாதீங்க, மனசுல வச்சுக்காதீங்க, மூச்சு, வலின்னு எது சொன்னாலும் உடனே எங்களக் கூப்பிடுங்க" என்று மருத்துவமனை சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாத, பைசா செலவில்லாத இந்த விளக்கம், ஊசி மருந்தைப் போலவே சிகிச்சையின் பகுதி. அதை மருத்துவமனை சொல்ல மறந்தால், கேட்டு வாங்கும் உரிமை நோயாளியின் குடும்பத்துக்கு இருக்கிறது.