குதிரை மேல் ஒரு வாரம்

பிரான்ஸ் என்றதும் பாரிஸ்தான் நினைவுக்கு வரும். அந்நாட்டுக் கிராமப்புறங்களில் ஐந்தாறு நாள் குதிரையேறி ஊர் ஊராகப் போகும் விடுமுறையும் உண்டு. லுவார் நதிப் பக்கம் போனால் 400-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஷாம்போர் அரண்மனையைப் பார்க்கலாம். மலை வேண்டுமானால் தெற்கே செவென். 1878-ல் எழுத்தாளர் ஸ்டீவன்சன் கழுதையோடு நடந்த வழி அது.

தினம் சுமார் 25 கிலோமீட்டர். பெட்டிகள் பெரும்பாலும் வேனில் முன்னே போய்விடும்.

குதிரையின் முதுகுதான் இதில் முக்கியம். செங்குத்தான இறக்கத்தில் நாம் இறங்கிக் குதிரையை நடத்திச் செல்ல வேண்டும். மதியம் அதற்குத் தண்ணீர் காட்டிய பிறகே நமக்குச் சாப்பாடு. சேணத்தின் கீழுள்ள துணி மடிந்திருந்தால் உராய்ந்து புண்ணாகும். புண்பட்ட குதிரை மேல் மறுநாள் ஏற முடியாது. சவாரி செய்பவரின் எடைக்கு வரம்பு வைப்பதும் இதனால்தான். ஆகவே எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மலைவாசஸ்தலத்தில் பத்து நிமிஷம் குதிரையேறியதைச் சவாரிப் பழக்கம் என்றும் எழுத வேண்டாம்!

சைவர்கள், மீனும் ஆகாது என்பதை முன்கூட்டியே தெளிவாகத் தெரிவித்துவிடுவது நல்லது. விசாவுக்காக எடுக்கும் இன்ஷூரன்ஸ் குதிரைச் சவாரி விபத்துக்கும் செல்லுமா என்று பாலிசியைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.