கேள்வியும் சங்கத்தின் சொத்தே

கூட்டுறவு என்றதும் பங்குத் தொகை, கடன், நூல், உரம் ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. ஓர் அங்கத்தினர் கேட்கும் கேள்வியும், அதற்கு மற்றொருவர் கூறும் விடையும் அனைவருக்கும் பொதுச் சொத்தாகக் கூடும் என்பதை நாம் அதிகம் எண்ணுவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் இதனை அளந்தே காட்டியிருக்கின்றனர்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் தம்முள் ஐயம் கேட்டுத் தெளியும் பொது இடமாக 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. விடை கூறுவோருக்குக் கூலி கிடையாது. சக தொழிலாளரின் மதிப்பே ஊதியம். அங்கே நூற்றுக்கு 90-க்கு மேற்பட்ட கேள்விகள் விடை பெற்றன என்றும், அவற்றில் பாதிக்கு 11 நிமிடத்திற்குள்ளாகவே முதல் விடை கிடைத்தது என்றும் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறிற்று. விடைகள் யாவும் சேமித்து வைக்கப்பட்டமையால், பின்னர் வந்தோரும் பயனடைந்தனர்.

குஜராத்தின் குரல் திண்ணை

இது படித்தவர்க்கே உரியது என்று ஒதுக்க வேண்டுவதில்லை. குஜராத்தில் சிறு உழவர்களுக்கென 'அவாஜ் ஓட்லோ' என்ற தொலைபேசி ஏற்பாடு அமைக்கப்பட்டது. 'குரல் திண்ணை' என்பது அதன் பொருள். உழவர் தம் கேள்வியைத் தாய்மொழியில் பேசிப் பதிவு செய்யலாம். பிறருடைய கேள்விகளையும் விடைகளையும் கேட்கலாம். 51 உழவர்கள் ஏழு மாத காலம் இதனைப் பயன்படுத்திய விதத்தை நீல் படேல் குழுவினர் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். கேள்வி-விடைப் பகுதியே எல்லாவற்றிலும் அதிகமாக விரும்பப்பட்டது.

2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஏழு வேளாண்மைக் குறிப்புகளைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இருவரும், உழவர்கள் இருவரும் தனித்தனியே பேசிப் பதிந்தனர். 305 உழவர்களுக்குத் தொடக்கப் பகுதி மட்டும் தொலைபேசியில் ஒலித்தது. எஞ்சியதைக் கேட்க அவர்களே அழைத்தல் வேண்டும். நேரில் வினவியபோது பெரும்பாலோர் விஞ்ஞானியின் சொல்லையே விரும்புவதாகக் கூறினர். ஆயினும், உழவர் குரலைக் கேட்டபோதே அதிகமாக அழைத்தனர். குறிப்பு ஒன்றே, குரல்தான் வேறு!

தனியே கேட்பதால் வரும் குறை

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' என்னும் விடை கூறும் இயந்திரம் வந்தது. அடுத்த ஆறு மாதங்களில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிவுகள் ஏறத்தாழ நூற்றுக்கு 25 வீதம் குறைந்தன என்று 2024-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. கேட்டவருக்கு விடை கிடைக்கிறது; ஆனால் அது அவரோடு நின்றுவிடுகிறது. மக்கள் பொதுவில் எழுதி வைத்தவற்றைப் பயின்றே இத்தகைய இயந்திரங்கள் உருவாயின. இடுவோர் குறைந்து எடுப்போர் மிகுந்தால் எக்களஞ்சியம் நிலைக்கும்?

நாம் செய்யத் தக்கது

பாலக்கோட்டுத் தோட்டத்தில் தக்காளி இலை சுருளும்போதும், தறியில் பாவு இழை அடிக்கடி அறும்போதும் நாமும் கடைக்காரரையோ கைப்பேசியையோ தனியே கேட்டுவிட்டு அமைகிறோம். அடுத்த வீட்டுக்காரர் அதே கேள்வியோடு மீண்டும் அலைகிறார்.

ஆகவே ஒவ்வொரு சங்கத்திலும் கேள்வி-விடைப் புத்தகம் ஒன்று வைக்கப்படுதல் நன்று. கேள்வி, விடை, கூறியவர் பெயர், செய்து பார்த்ததில் கண்ட பலன் ஆகிய நான்கையும் எழுதுக. பலிக்காத யோசனையையும் மறைக்காமல் குறிக்க வேண்டும். அது மற்றொருவரை நட்டத்தினின்று காக்கும். மருந்தின் அளவு போன்றவற்றை வேளாண்மை அலுவலரிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே எழுதுதல் வேண்டும். மாதந்தோறும் கூட்டத்தில் அதனைப் படித்துக் காட்டினால், எழுதப் படிக்க அறியாதவருக்கும் பங்கு கிடைக்கும்.

சங்கங்களைப் பார்வையிட வரும்போது, கணக்குப் புத்தகங்களோடு இப்புத்தகத்தையும் காண விழைகிறேன்.