தாய்மொழி: மற்றவை

ஹாஸ்டல் ஃபார்மில் 'தாய்மொழி'க்கு நேரா தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருதுன்னு வரிசையா கட்டங்கள். நாங்க எல்லோரும் டக்குன்னு டிக் அடிச்சுட்டோம். என் ரூம்மேட் மட்டும் பேனாவோட முழிச்சான். கடைசியில் 'மற்றவை'யில் டிக் போட்டான்.

"அது என்னடா மற்றவை?"

"கோத்தா."

"எந்த கோட்டா, ஸ்போர்ட்ஸா?"ன்னு கேட்ட அறிவாளி சாட்சாத் நான்தான்!

நீலகிரியில் கோத்தர்கள் வாழும் ஊர்கள் மொத்தமே ஏழு. நாம டூர் போய் வர்க்கி வாங்கிட்டு இறங்குறோமே, அந்தக் கோத்தகிரியின் பெயரிலேயே அவங்க இருக்காங்க. எமனோ என்ற மொழியியலாளர் 1935-லிருந்து மூணு வருஷம் இந்தியாவில் இருந்தப்போ, நீலகிரியில் தங்கி, கோத்தர், தோடர் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவரும் பர்ரோவும் 1961-ல் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டினால் ஆச்சரியம். முதலில் தமிழ், அடுத்து மலையாளம், உடனே கோத்தா, தோடா! நம்ம 'கண்' கோத்தாவிலும் கண், தோடாவில் 'கொண்'. நம்ம 'கை' அங்கே 'கய்', 'கொய்'. அகராதியில் நமக்குப் பக்கத்து சீட். ஃபார்மில் 'மற்றவை'.

ஃபார்மை மட்டும் திட்டிப் பயனில்லை. கட்-ஆஃப் நமக்கு மட்டுமில்லை பாஸ், மொழிக்கும் உண்டு. 1971-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பத்தாயிரம் பேருக்குக் குறைவா பேசுற மொழிகளைத் தனியா காட்டுறதில்லை. 2011-ல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. ஒரே மொழிக்குப் பல பெயர், எழுத்து மாறினதுன்னு எல்லாத்தையும் வடிகட்டி, கட்-ஆஃப் தாண்டி வந்தது 121 மொழிகள். ஏழு ஊர்க்காரங்க பத்தாயிரத்துக்கு எங்கே போறது? யுனெஸ்கோவின் 2010 அட்லஸில் கோத்தா, தோடா ரெண்டுமே மிகக் கடுமையான ஆபத்தில் இருக்கிற மொழிகள்.

ஆபத்து எப்படி வரும்னு எங்க ரூமிலேயே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து போன். பாட்டிகிட்ட கோத்தாவில் சளசளன்னு பேசினவன், தம்பி போனை வாங்கினதும் தமிழுக்கு மாறிட்டான்.

"ஏன்டா?"

"அவனுக்குப் புரியும். ஆனா, பதில் தமிழ்லதான் சொல்வான். நானும் அப்படியே பழகிட்டேன்."

யாரும் தடை போடலை, யாரும் அடிக்கலை. ஒரு போன் கை மாறுச்சு, அவ்வளவுதான்.

இப்போ தினம் ராத்திரி எனக்குக் கோத்தா டியூஷன் நடக்குது. உடம்பு, சாப்பாடு வரை சார் பிரமாதம். நேத்து, மண்பானை செய்யறதைப் பத்திக் கேட்டேன். கோத்தர்களுக்குப் பரம்பரையா கைவந்த தொழிலாச்சே! சக்கரத்துக்கு என்ன, சூளைக்கு என்னன்னு அடுக்கிக்கிட்டே போனேன்.

தலையைச் சொறிஞ்சவன், பாட்டிக்கு போன் போட்டான்.