கடைக் கணக்கைச் சொந்தக் கணினியில் வைப்போருக்கு 'ரிவர்ஸ் ப்ராக்சி' ஏன் தேவை?

கணக்குப் புத்தகத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிய காலம் மெல்ல மாறி வருகிறது. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-இல் தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறை, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிவடைந்தது. அதோடு மளிகைக் கடை, கேட்டரிங், லோரி போக்குவரத்து நடத்தும் நம்மவர்களிடையிலும் கணினிக் கணக்கு பற்றிய பேச்சு கூடியிருக்கிறது.

மாதக் கட்டணம் கட்ட விரும்பாதவர்கள் டோலிபார், இஆர்பி நெக்ஸ்ட் போன்ற மென்பொருளைக் கடையிலுள்ள கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். தரவு நம் கையிலேயே இருக்கும். ஆனால் வீட்டிலிருந்து முதலாளியும், வேறு ஊரிலிருந்து கணக்காளரும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும் என்றதும் சிக்கல் தொடங்குகிறது.

பலரும் செய்யும் குறுக்குவழி, ரவுட்டரில் 8080 போன்ற ஒரு போர்ட்டைத் திறந்து மென்பொருளை நேராக இணையத்துக்குக் காட்டிவிடுவது. அப்படிச் செய்தால் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் பயணிக்கும். மென்பொருளில் ஓட்டை இருந்தால் அது உலகத்துக்கே தெரியும். யாருக்கு எவ்வளவு கடன், தொழிலாளிக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வருமான வரிச் சட்டப்படி வணிகப் பதிவுகளை 7 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டிய கடமையும் உண்டு.

முன்வாசல் காவல்

ரிவர்ஸ் ப்ராக்சி என்பது கடையின் முகப்பில் நிற்பவரைப் போன்றது. வாடிக்கையாளர் கேட்பதை அவர்தான் பின்னறைக்குப் போய் எடுத்து வருவார். வாடிக்கையாளர் பின்னறைக்குள் நுழைவதில்லை. இணையத்திலிருந்து வரும் கோரிக்கையை ப்ராக்சி வாங்கி, உள்ளேயுள்ள மென்பொருளிடம் கொடுத்து, பதிலைத் திருப்பி அனுப்பும். எச்டிடிபிஎஸ் பூட்டும் அந்த முகப்பிலேயே போடப்படுகிறது.

இதற்கு என்ஜின்எக்ஸ், கேடி என்ற இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. கேடி என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதியவர்களுக்கு அதுதான் எளிது. இணைய முகவரியையும், கோரிக்கை போய்ச் சேர வேண்டிய 127.0.0.1:8080 என்ற உள்முகவரியையும் எழுதினால் போதும். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்பிடமிருந்து இலவசச் சான்றிதழை அதுவே பெற்று, காலாவதியாகும் முன் புதுப்பித்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை

முதலில் ஓர் இணைய முகவரி வாங்கி, அதைக் கடையின் பொது ஐபி எண்ணுக்குக் காட்ட வேண்டும். ரவுட்டரில் 80, 443 ஆகிய இரண்டு போர்ட்டுகளை மட்டும் ப்ராக்சி இருக்கும் கணினிக்குத் திருப்ப வேண்டும். தரவுத்தளத்தின் 3306 போர்ட்டை ஒருபோதும் திறக்கக் கூடாது. பிறகு மென்பொருளின் அமைப்பில் அதன் முகவரியை எச்டிடிபிஎஸ் என்று மாற்ற வேண்டும். இதை மறந்தால் உள்நுழைவுப் பக்கமே திரும்பத் திரும்ப வந்து நிற்கக்கூடும்.

டோக்கரில் நிறுவியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் 8080 என்று எழுதினால், யுஎஃப்டபிள்யூ தீச்சுவர் இருந்தும் டோக்கர் அதைக் கடந்து போர்ட்டைத் திறந்துவிடும். 127.0.0.1:8080 என்று எழுதினால்தான் அந்தக் கணினிக்குள்ளேயே அடங்கும்.

என்ஜின்எக்ஸ் பயன்படுத்துவோர் ரசீதைப் படமெடுத்து ஏற்றும்போது 413 என்ற பிழை வரலாம். அதன் இயல்பான வரம்பு 1 எம்பி மட்டுமே. அமைப்பில் அதை உயர்த்திக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டா வழியாகத் திறந்து பார்க்க வேண்டும். கடைக்குள்ளிருந்து பார்த்தால் சரியான முடிவு தெரியாமல் போகலாம்.

ப்ராக்சி செய்யாதவை

ப்ராக்சி போட்டதால் முகவரி மறைந்துவிடாது. சான்றிதழ் வழங்கப்பட்ட பெயர்கள் பொதுப் பதிவேட்டில் ஏறுவதால், தானியங்கி நிரல்கள் விரைவிலேயே வந்து கதவைத் தட்டும். வலுவான கடவுச்சொல், இருபடிச் சரிபார்ப்பு, மென்பொருள் புதுப்பிப்பு மூன்றும் கட்டாயம். கணினி பழுதானால் தரவை ப்ராக்சி மீட்டுத் தராது. தினசரி நகல் ஒன்று கடைக்கு வெளியேயும் இருக்க வேண்டும். அந்த நகலைத் திறந்து கணக்கு சரியாக வருகிறதா என்று அவ்வப்போது சோதிப்பதும் அவசியம்.

கணக்கைப் பார்ப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றால், இணையத்துக்கு எதையும் திறக்காமல் டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி இணைப்பே போதும். பொது ஐபி எண் கிடைக்காத இணையச் சேவை வைத்திருப்போருக்கும் அந்த வழி உதவும். கடைக்குள் மட்டும் பயன்படுத்துவோருக்கு இவை எதுவுமே தேவையில்லை. யார், எங்கிருந்து கணக்கைப் பார்க்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குத் தேவையான கதவை மட்டும் திறப்பதே நல்லது.