ஒரே செடி, வேற வேற முகம்



எங்க வீட்டுக் கற்பூரவல்லியில் ஒரு கொப்பு ஒடிச்சு என் தோழிக்குக் கொடுத்தேன். அதே செடியில் இன்னொரு கொப்பை நான் தொட்டியில் நட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தால், என் செடி குட்டையா, இலை சின்னதா, தடிப்பா இருக்கு. அவளோடது தண்டு நீண்டு சாயுது. இலை பெருசு, ஆனா மெல்லிசு. "நல்லதை நீ வச்சுக்கிட்டு எனக்கு வேற எதையோ தந்துட்டே" என்று சொல்லிட்டா. பத்து நாள் பேச்சே இல்லை.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். ஆல்ப்ஸ் மலையில் எடல்வைஸ் என்று ஒரு பூச்செடி உண்டாம். சுமார் 1,800 மீட்டருக்கு மேலே வளரும். பூவைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளை ரோமம் இருக்கும். மலை மேலே புற ஊதாக் கதிர் அதிகம். அதை இந்த ரோமம் தாங்கிக்கொள்ளும். அதையே கீழே கொண்டுவந்து உரம் போட்ட தொட்டியில் வச்சால், நெட்டையா வளர்ந்து, ரோமம் குறைஞ்சு பச்சையடிச்சுப் போகும். வாங்கினவங்க கடைக்காரர் ஏமாத்திட்டார்னுதானே நினைப்பாங்க!

அப்படின்னா எல்லா மாற்றத்துக்கும் இடம்தான் காரணமா? இதை கிளாசன், கெக், ஹீசி என்ற மூன்று விஞ்ஞானிகள் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் சோதித்தார்கள். அவர்கள் எடுத்த செடிகளில் ஒன்றின் பெயர் யாரோ. (யாரோ எவரோ இல்லை, பேரே அதுதான்!) ஒரே செடியைப் பிரித்து மூன்று இடங்களில் நட்டார்கள்: கடல் மட்டத்தை ஒட்டிய ஸ்டான்ஃபோர்டு, 1,400 மீட்டரில் மேதர், 3,050 மீட்டரில் டிம்பர்லைன். நம்ம ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், பார்த்துக்கோங்க. ஒரே செடியின் துண்டுகள் இடத்துக்கு ஒரு உயரமாக வளர்ந்தன. ஆனால் மலை உச்சிச் செடியைக் கீழே வச்சாலும், பக்கத்திலிருந்த கடலோரச் செடி அளவுக்கு அது வளரவில்லை. கடலோரச் செடிகள் பல, மேலே பனிக்காலத்தைத் தாண்டவே இல்லை. 1940-லும் 1948-லும் இதைப் புத்தகங்களாக வெளியிட்டார்கள்.

அதாவது சில குணம் இடத்தால் வருவது, சில குணம் பிறப்பிலேயே வருவது. எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கணும்னா, ரெண்டு செடியையும் ஒரே இடத்தில் வளர்க்கணும்.

உடனே தோழியிடம் நானே போய்ப் பேசினேன். அவ செடி திண்ணை நிழலில் இருந்திருக்கு. என்னோடது வாசல் வெயிலில். ரெண்டு தொட்டியையும் பள்ளிக் கொடிமரத்துப் பக்கம் வெயிலில் வச்சு, ஒரே அளவு தண்ணீர் ஊத்தினோம். பழைய இலைகள் அப்படியேதான் இருக்கு. ஆனா ஒரு மாசத்தில் வந்த புது இலைகள் ரெண்டிலும் ஒண்ணுபோலவே சின்னதா, தடிப்பா இருக்கு.

அவ இன்னும் ஸ்கேல் வச்சு அளந்துக்கிட்டுதான் இருக்கா. ஆனா பேசிட்டா. நீங்களும் வந்து பாருங்க, இலையை மட்டும் கிள்ளிடாதீங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி